ஆடாத படத்திற்கு உறுதியான கால்: கமராத் தாங்கிகளைத் தெரிவுசெய்வது எப்படி?

இன்று எமது கிராமங்களில் கமரா இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஒரு காலத்தில் திருமணத்திற்கும் அடையாள அட்டைக்கும் மட்டும் நகரத்து ஸ்ரூடியோவைத் தேடிப் போனவர்கள், இன்று சட்டைப் பையில் கைத்தொலைபேசியோடு கமராவையும் கொண்டு திரிகிறார்கள். கமக்காரர் அமைப்பின் செயலாளர் குளக்கட்டில் கண்ட கசிவைப் படம் பிடிக்கிறார். மாதர் சங்கத் தலைவி கூட்ட அறிக்கைப் புத்தகத்தின் பக்கங்களைப் படம் எடுத்து வைக்கிறார். பேரப்பிள்ளை ஒருத்தி அம்மம்மாவை முற்றத்தில் இருத்தி, அவர் இடம்பெயர்ந்த கதையைப் பதிவுசெய்கிறாள். இவை யாவும் வரவேற்கத்தக்க மாற்றங்களே.

ஆனால், எடுத்த படங்களைச் சில மாதங்களின் பின் பார்க்கும்போதுதான் குறை தெரிய வருகிறது. கசிவின் படம் மங்கிப்போய், நீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் இருக்கிறது. கூட்ட அறிக்கையின் எழுத்துக்கள் இரட்டையாகத் தெரிகின்றன. அம்மம்மாவின் முகம் பாதி நேரம் சட்டத்திற்கு வெளியே போய்விட்டது. உடனே பலர் கமராவைக் குறை கூறி, கடன் பட்டாவது இன்னும் விலை கூடிய தொலைபேசியை வாங்க எண்ணுகிறார்கள். நாம் பார்த்த வரையில் குறை பெரும்பாலும் கமராவில் இருப்பதில்லை. கமராவைத் தாங்கிய கையிலேயே இருக்கிறது.

கைக்குப் பதிலாகக் கமராவைத் தாங்குவதற்கு இன்று பலவகைச் சாதனங்கள் விற்பனைக்கு உள்ளன. வளைந்து கொடுக்கும் கால்களைக் கொண்ட சிறு முக்காலிகள், கவ்விகள், உறிஞ்சு கிண்ணங்கள், தடியோடு சேர்ந்த முக்காலிகள் எனக் கடைகளில் அவை தொங்குகின்றன. எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது, எதை வீட்டிலேயே செய்துகொள்வது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

படம் ஏன் ஆடுகிறது?

கமராவின் கண் ஒரு கணம் திறந்து ஒளியை உள்ளே விட்டு மூடுகிறது. நல்ல வெயிலில் அது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் போதும். அதற்குள் கை அசைந்தாலும் படத்தில் தெரியாது. மாலை நேரத்தில் வீட்டு விறாந்தையிலோ ஒரேயொரு மின்குமிழ் எரியும் மண்டபத்திலோ போதிய ஒளி இல்லை. ஆகவே கமரா 1/15 செக்கன் அளவிலோ அதற்கும் கூடுதலாகவோ கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டியுள்ளது. அந்த நேரத்திற்குள் எமது மூச்சும் நாடித்துடிப்புமே படத்தைக் கலைத்துவிடும்.

படப்பிடிப்பாளர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் எளிய கணக்கு ஒன்று உண்டு. 35 மில்லிமீற்றர் அளவுக் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையைப் பூட்டியிருந்தால், 1/50 செக்கனிலும் மெதுவாகக் கையில் பிடித்து எடுக்கக் கூடாது. 200 மில்லிமீற்றர் வில்லையாயின் 1/200 செக்கன் எல்லையாகும். தூரத்துப் பொருளைக் கிட்டக் கொண்டுவரும் வில்லை, கையின் நடுக்கத்தையும் சேர்த்துப் பெருப்பிக்கிறது என்பதே இதன் பொருள்.

இன்றைய தொலைபேசிகளிலும் கமராக்களிலும் நடுக்கத்தைக் குறைக்கும் பொறிமுறை உள்ளது. அது உதவுகிறது என்பதில் ஐயமில்லை. இரவுப் படத்திற்கான முறையில் தொலைபேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. எனினும் இவ்வாறு சில செக்கன்கள் எடுக்கும்போது தொலைபேசி அசையாமல் நின்றால் கிடைக்கும் தெளிவு வேறு, கையில் இருந்தால் கிடைக்கும் தெளிவு வேறு. நாற்பது நிமிடம் நீளும் நேர்காணலுக்கோ எந்தப் பொறிமுறையும் துணைக்கு வராது. கை சோர்ந்துவிடும்.

தாங்கியின் தேவை புதிதன்று. ஆங்கிலேயப் பெண் படப்பிடிப்பாளரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கைக்குக் குடிவந்து, 1879 இல் டிக்கோயாவில் இறக்கும்வரை இங்கு வாழ்ந்தார். தோட்டத் தொழிலாளரையும் ஊர் மக்களையும் அவர் படமாக்கினார். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டில் உருவம் பதிவதற்கு நெடுநேரம் பிடித்தது. பாரமான மரப்பெட்டிக் கமராவைக் காலில் நிறுத்தாமல் அவரால் ஒரு படமேனும் எடுத்திருக்க முடியாது. கமரா இன்று உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டாலும் அந்தத் தேவை மாறவில்லை.

தாங்கிகளின் வகைகள்

முதலாவது, வளையும் கால் முக்காலி. ஒவ்வொரு காலும் மணிகளைக் கோத்தது போன்ற பல உருண்டை மூட்டுக்களால் ஆனது. ஒவ்வொரு மூட்டும் உராய்வினால் இறுகி நிற்பதால், காலை விரும்பியவாறு வளைக்கலாம். வேலித் தூணிலும் கதிரையின் முதுகிலும் மரக்கிளையிலும் சுற்றிக் கட்டலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோபி நிறுவனம் 2006 இல் கொரில்லாபொட் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று சந்தையிலுள்ள பல மலிவான முக்காலிகள் அதன் பிரதிகளே. உள்ளே கம்பியும் வெளியே மென்மையான நுரையும் கொண்ட இன்னொரு வகையும் உண்டு. அது தொலைபேசிக்கு மட்டுமே தகும். கம்பியைப் பலமுறை வளைத்தால் ஒருநாள் உள்ளே முறிந்துவிடும் என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது, மேசை முக்காலி. இதன் கால்கள் குட்டையானவை, வளையாதவை. சமமான மேசை கிடைத்தால் வளையும் காலைவிட இதுவே உறுதியானது. இத்தாலியின் மன்ஃபுரோட்டோ நிறுவனத்தின் பிக்சி இவ்வகையைச் சேர்ந்தது. அது 1 கிலோகிராம் வரை தாங்கும்.

மூன்றாவது, கவ்வி. தச்சரின் மேசையில் பூட்டும் கவ்வியைப் போன்றது. மேசை விளிம்பு, யன்னல் கம்பி, ஏணிப்படி, அலுமாரித் தட்டு ஆகியவற்றில் இறுக்கலாம். மன்ஃபுரோட்டோவின் பெயர்பெற்ற சூப்பர் கிளாம்ப் என்ற கவ்வி 13 மில்லிமீற்றர் முதல் 55 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள பொருளைப் பற்றிக்கொண்டு, 15 கிலோகிராம் வரை தாங்கக்கூடியது. பெயரற்ற மலிவான கவ்விகள் அத்தனை பாரம் தாங்கமாட்டா என்றாலும், ஒரு தொலைபேசிக்கும் சிறு கமராவுக்கும் அவை போதும்.

நான்காவது, உறிஞ்சு கிண்ணம். வழுவழுப்பான கண்ணாடியிலும் வண்ணம் பூசிய உலோகத்திலும் மட்டுமே இது ஒட்டும். சீமெந்துச் சுவரும் மரப்பலகையும் இதற்கு உதவமாட்டா. காற்று மெல்ல மெல்ல உட்புகுவதால், முன்னறிவித்தல் எதுவுமின்றி விழுந்துவிடும். வெயிலில் நிறுத்திய வாகனத்தில் றப்பர் இளகிவிடுவதால் ஆபத்து இன்னும் அதிகம்.

ஐந்தாவது, தடியோடு சேர்ந்த முக்காலி. தன்னைத்தானே படமெடுக்கும் தடியின் அடியில் மூன்று சிறு கால்கள் விரிகின்றன. பார்க்க வசதியானது. ஆனால் கால்கள் குறுகியும் தடி நீண்டும் இருப்பதால் சிறு காற்றுக்கே சாய்ந்துவிடுகிறது. முற்றத்திலும் கடற்கரையிலும் இதை நம்பியிருக்க முடியாது.

பாரத்தை நிறுப்போம்

பெட்டியில் எழுதியிருக்கும் பாரத்தை மட்டும் பார்த்து வாங்குவதே பலர் விடும் பிழை. கொரில்லாபொட் வகையில் 500, 1கே, 3கே, 5கே என இலக்கங்கள் உண்டு. அவை முறையே ஏறத்தாழ அரைக் கிலோ, 1 கிலோ, 3 கிலோ, 5 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கின்றன. வேறு பெயர்களில் வருபவற்றிலும் இத்தகைய இலக்கங்களைக் காணலாம்.

முதலில் உங்கள் கமராவை நிறுத்துப் பாருங்கள். ஊர்க் கடையின் தராசே போதும். வில்லை, பற்றரி, ஒலிவாங்கி, சிறு விளக்கு என எவற்றையெல்லாம் பூட்டிப் பயன்படுத்துவீர்களோ அவற்றையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். கமரா 500 கிராம், வில்லை 300 கிராம், ஒலிவாங்கி 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 900 கிராம். 1 கிலோ தாங்கும் முக்காலி இதற்குப் போதும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். கணக்கில் அது சரி. களத்தில் அது போதாது.

காரணத்தை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். பாரம் காலுக்கு நேர் மேலே இருந்தால், மூட்டுக்கள் அதனை இலகுவாகத் தாங்கும். பாரம் பக்கவாட்டில் நீண்டு நின்றால், நிறையோடு தூரமும் சேர்ந்து மூட்டைத் திருப்ப முயல்கிறது. கிணற்றுத் துலாவில் கல்லை நுனிக்குத் தள்ளத் தள்ள அதன் வலு கூடுவது எமது முன்னோர் அறிந்த உண்மையே. அதே 900 கிராம் கமரா மூட்டிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி நிற்பதைவிட 25 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கும்போது, மூட்டைத் திருப்பும் வலு இரண்டரை மடங்காகிறது. தூணில் சுற்றிக் கட்டும்போது நடப்பது இதுதான். கமரா உடனே விழாது. மெல்ல மெல்லத் தலை குனியும். பத்து நிமிடத்தின் பின் பார்த்தால், பேசுபவரின் முகத்திற்குப் பதிலாக அவர் மடியைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே எமது ஆலோசனை இதுவே: வளையும் கால் முக்காலியாயின், நிறுத்துக் கண்ட பாரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தாங்கக்கூடியதைத் தெரிவுசெய்யுங்கள். மேலே சொன்ன 900 கிராம் கமராவுக்கு 3 கிலோ தாங்கும் முக்காலியே ஏற்றது. தொலைபேசி மட்டும் என்றால், 1 கிலோ தாங்கும் சிறிய முக்காலி தாராளமாகப் போதும். மேலுள்ள உருண்டைத் தலைக்குத் தனியாக ஒரு பார எல்லை இருக்கும். கால் 3 கிலோ தாங்கி, தலை 1 கிலோ மட்டும் தாங்குமாயின், முழுச் சாதனமும் 1 கிலோவுக்குரியதே.

திருகாணியின் அளவு

கமராவின் அடியிலுள்ள துளை உலகெங்கும் ஒரே அளவானது. கால் அங்குல விட்டமும், ஓர் அங்குலத்திற்கு 20 புரிகளும் கொண்டது. பெரிய கமராக்களிலும் பாரமான முக்காலித் தலைகளிலும் 3/8 அங்குல அளவும் உண்டு. இரண்டையும் இணைக்கும் சிறு பித்தளைச் சுரை மலிவாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் பையில் வைத்திருப்பது நல்லது.

வீட்டிலேயே தாங்கி செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரும்புக் கடைகளில் கிடைக்கும் 6 மில்லிமீற்றர் திருகாணி, பார்வைக்குக் கால் அங்குலத் திருகாணி போலவே இருக்கும். ஆனால் கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். அதன் புரிகளுக்கு இடையேயுள்ள தூரம் 1.27 மில்லிமீற்றர், மற்றையதில் வழக்கமாக 1 மில்லிமீற்றர். இரண்டொரு சுற்று உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். வலுவாகத் திருகினால் கமராவின் புரி அழிந்துவிடும். சரியான அளவுத் திருகாணியும்கூட நீளமாக இருந்தால் கமராவின் உட்புறத்தைச் சேதப்படுத்தும். வெளியே ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீண்டிருந்தால் போதும். நீளம் கூடினால் வாசர்களை இட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் இத்துளை இல்லை. அதற்கு ஒரு பிடி தேவை. வில்விசையால் கவ்வும் பிடி விரைவானது. திருகி இறுக்கும் பிடி உறுதியானது. நீண்ட பதிவுகளுக்குத் திருகும் பிடியே சிறந்தது. தொலைபேசியின் உறையைக் கழற்றாமலே பூட்ட முடிகிறதா, பிடியின் தாடை பக்கத்துப் பொத்தான்களை அழுத்துகிறதா என்பவற்றைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். தலைக்கவசத்தில் பூட்டும் கோப்ரோ போன்ற சிறு கமராக்கள் தமக்கெனத் தனியான விரல் வடிவப் பூட்டைக் கொண்டவை. 2023 இல் வெளிவந்த அதன் 12 ஆம் மாதிரியிலிருந்து கால் அங்குலத் துளையும் சேர்க்கப்பட்டுள்ளது. பழைய மாதிரிகளுக்கு இணைப்புத் துண்டு ஒன்று தேவைப்படும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

வாங்குமுன் வெட்கப்படாமல் பின்வரும் சோதனைகளைச் செய்து பாருங்கள்.

1. ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியே வளைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு மூட்டு தளர்ந்திருந்தாலும், பாரம் ஏறியதும் அந்த இடத்திலேயே கால் மடியும்.

2. உங்கள் கமராவைப் பூட்டி, வில்லை முன்பக்கம் நீண்டிருக்க, ஐந்து நிமிடம் மேசையில் வையுங்கள். முதலில் நோக்கிய புள்ளியையே இப்போதும் நோக்குகிறதா?

3. தொலைபேசிப் பிடியைத் தலைகீழாகத் திருப்பி, மேசையில் விரித்த துணிக்கு ஒரு சாண் மேலே பிடித்து இலேசாக உலுக்குங்கள்.

4. பாதங்களின் றப்பரைத் தடவிப் பாருங்கள். கடினமான பிளாஸ்ரிக் பாதம் சீமெந்துத் தரையில் வழுக்கும்.

5. தலையை இறுக்கும் குமிழைத் திருகுங்கள். இறுக்கும்போது கமரா நோக்கிய திசை மாறினால், அத்தலை தரமற்றது.

6. கமராவோடு ஒட்டியிருக்கும் சிறு தட்டு கழன்று வருவதாயின், மேலதிகத் தட்டு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். தட்டுத் தொலைந்தால் முக்காலியே பயனற்றுப் போகும்.

மூன்று வேலைகள்

எந்தத் தாங்கி சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. என்ன வேலைக்கு என்பதைப் பொறுத்தே விடை அமையும். எமது கிராமங்களில் அடிக்கடி தேவைப்படும் மூன்று வேலைகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை, ஆவணங்களைப் படமெடுத்தல். ஆவணம் இல்லாதவர் படும் பாட்டை எமது மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது மீளப் பெற முடியாத ஏடுகள் சாம்பலாயின. 2004 மார்கழியின் ஆழிப்பேரலையிலும், 2009 இல் முடிவுற்ற போரின் இடப்பெயர்வுகளிலும் எத்தனையோ குடும்பங்கள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்தன. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலக முயற்சி, இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் படமாக்கிப் பாதுகாத்து வருகிறது. படம் மூல ஆவணத்திற்குச் சட்டப்படி ஈடாகாது. எனினும் உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெளிவாகத் தெரியும் ஒரு படம் கையில் இருந்தால், பிரதியைத் தேடிப் பெறுவது எவ்வளவோ இலகுவாகும்.

இதற்கு விலை கூடிய கமரா தேவையில்லை. ஏ4 அளவுக் கடதாசியை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் பதிய, ஏறக்குறைய 2480க்கு 3508 புள்ளிகள் வேண்டும். 12 மெகாபிக்சல் தொலைபேசிப் படத்தில் 3024க்கு 4032 புள்ளிகள் உள்ளன. கடதாசி சட்டத்தை நிறைத்து, கமரா அசையாமல் நேர் மேலே நின்றால் அதுவே போதும்.

ஆனால் நேர் மேலே நிறுத்துவதில்தான் வளையும் கால் தோற்றுப்போகிறது. பாரம் பக்கவாட்டில் நீள்வதால் அது மெல்லத் தொய்ந்துவிடும். இவ்வேலைக்குக் கவ்வியே ஏற்றது. இரண்டு கதிரைகளின் முதுகுகளுக்குக் குறுக்கே ஓர் உறுதியான சட்டத்தை வைத்துக் கட்டி, அதன் நடுவில் கவ்வியை இறுக்கித் தொலைபேசியைக் கீழ்நோக்கிப் பூட்டுங்கள். பத்திரத்தின் மேல் ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியைக் கிடையாக வையுங்கள். தொலைபேசித் திரையின் நடுவில் கமராவின் கண்ணே தெரிந்தால், கமராவும் பத்திரமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக உள்ளன. கண் ஒரு பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் தொலைபேசியைச் சரிசெய்யுங்கள். மின்னல் விளக்கை அணைத்துவிட்டு, இரு பக்கமும் சாய்வாக ஒளி விழும்படி யன்னலோரத்தில் அல்லது இரு விளக்குகளுக்கு நடுவில் எடுங்கள். விரலால் தொட்டாலும் தொலைபேசி ஆடும். ஆகவே 2 செக்கன் தாமதத்தில் தானே எடுக்கும்படி வையுங்கள்.

இரண்டாவது வேலை, ஒரே இடத்தைக் காலத்திற்குக் காலம் படமெடுத்தல். கடல் கரையை எவ்வளவு அரித்துள்ளது, நாட்டிய கண்டல் கன்றுகள் எவ்வளவு வளர்ந்துள்ளன, குளக்கட்டின் வெடிப்பு அகன்றுள்ளதா என்பவற்றை ஒரு படம் சொல்லாது. ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே திசையில் எடுத்த இரு படங்கள் சொல்லும். அதிகாரிகளிடம் முறையிடும்போது வாய்ச்சொல்லை விட இவ்விரு படங்களுக்கு வலு அதிகம். மாரி தொடங்குமுன் எடுக்கத் தவறிய படத்தைப் பின்னர் எடுக்க முடியாது என்பதால், இதில் காலமும் முக்கியமானது.

இங்கு வளையும் கால் முக்காலி நன்றாக உதவும். சீமெந்துத் தூண் அல்லது துருசின் கைபிடிக் கம்பி போன்ற அசையாத ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். வேலிக் கதியால் வளர்வதும் காற்றில் ஆடுவதுமாகையால் அது உதவாது. தூணில் ஒரு வண்ணக் கோடு இட்டு, அக்கோட்டின் மட்டத்தில் இரண்டு கால்களைச் சுற்றிக் கட்டி, மூன்றாவது காலைத் தூணில் அழுத்தி முட்டுக்கொடுங்கள். கமராவைத் தூணோடு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. மாறாத ஓர் அடையாளம், ஒரு கட்டடத்தின் மூலையோ பெரிய பாறையோ, ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் வர வேண்டும். முதற்படத்தின் பிரதியைக் கையில் கொண்டுசென்று ஒப்பிட்டுப் பார்த்து எடுப்பது சிறந்த வழி. திகதி, நேரம், தூணின் இடம், கோட்டின் உயரம் ஆகியவற்றைச் சங்கத்தின் கொப்பியில் எழுதி வையுங்கள். எடுத்தவர் ஊரைவிட்டுப் போனாலும் அடுத்தவர் தொடரலாம். மின்கம்பங்களில் எதையும் கட்டாதீர்கள். தனியார் தூணாயின் உரியவரிடம் அனுமதி கேளுங்கள்.

மூன்றாவது வேலை, முதியோரின் சொல்லைப் பதிவுசெய்தல். பழைய வைத்தியம், விதை நெல்லின் பெயர்கள், குளம் வெட்டிய கதை, காணாமற்போன உறவுகளைப் பற்றிய சாட்சியம் என எத்தனையோ விடயங்கள் அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. சாட்சியம் சொல்பவரை மீண்டும் ஒருமுறை அழவைப்பது எவருக்கும் முறையன்று. ஆகவே முதல் தடவையே பதிவு சரியாக அமைய வேண்டும்.

இதற்கு முக்கியமானது உயரம். கமரா பேசுபவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மேசை முக்காலியைத் தாழ்ந்த முக்கால் பலகையில் வைத்தால், நாடியும் மூக்குத் துவாரமுமே தெரியும். மேசையின் மேல் ஒரு பெட்டியை வைத்து அதன்மேல் முக்காலியை நிறுத்துங்கள். அல்லது உயரமான கதிரையின் முதுகில் வளையும் காலைச் சுற்றிக் கட்டி, கதிரையின் இருக்கையில் ஒரு பாரமான கல்லையோ மண் பையையோ வையுங்கள். தொலைபேசியில் எடுப்பதாயின் அழைப்புகள் வராத முறைக்கு மாற்றிவிடுங்கள். கமரா தானே நிற்பதால் எடுப்பவரின் கண்ணும் கையும் விடுதலை பெறுகின்றன. அவர் திரையைப் பார்க்காமல் பேசுபவரின் முகத்தைப் பார்த்து, தலையசைத்துக் கேட்கலாம். நல்ல தாங்கி தரும் பெரிய நன்மை இதுவே என்று நாம் கருதுகிறோம். முதியவர் கமராவிடம் பேசமாட்டார். தன் கதையைக் கேட்கும் மனிதரிடமே பேசுவார்.

பணமின்றியும் செய்யலாம்

வாங்க வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஒரு சாண் நீள அகலமுள்ள துணிப் பையைத் தைத்து, முக்கால் பங்குக்கு நெல்லையோ பயற்றையோ இட்டு வாயை மூடித் தையுங்கள். சுவர், கல், யன்னல் நிலை என எதன்மீதும் இப்பையை வைத்து, அதன் நடுவில் கமராவை அழுத்தி இருத்தினால் அது தானே இடம்பிடித்து நிற்கும். காட்டு விலங்குகளைப் படமெடுப்போர் வாகன யன்னலில் பயன்படுத்துவதும் இத்தகைய பையே. மழைக்காலத்தில் தானியம் பூஞ்சணம் பிடிக்குமாகையால், இடையிடையே பிரித்து உலர்த்த வேண்டும். மணல் இடுவதாயின் இறுக்கமான நெசவுத் துணியில் இரட்டைப் பையாகத் தையுங்கள். ஒரு மணற்பரல் வில்லையைக் கீறிவிடக்கூடும்.

இன்னொரு வழி கயிறு. கால் அங்குலத் திருகாணியில் உறுதியான கயிற்றைக் கட்டிக் கமராவில் பூட்டி, கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்து, கமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். கயிற்றின் இறுக்கம் மேலும் கீழுமான ஆட்டத்தைக் குறைக்கும். இது ஒரு படத்திற்கு உதவும், நேர்காணலுக்கு உதவாது.

பாதுகாப்பும் பராமரிப்பும்

உயரத்தில் பூட்டும் எந்தக் கமராவுக்கும் ஒரு காவற்கயிறு கட்டுங்கள். தாங்கி தோற்றாலும் கமரா தரையில் விழாது. கீழே அமர்ந்திருக்கும் பிள்ளையின் தலையிலும் விழாது.

மோட்டார் சைக்கிளின் கைபிடியில் தொலைபேசியைப் பூட்டிச் செல்லும் பழக்கம் இளைஞரிடையே பரவி வருகிறது. இயந்திரத்தின் அதிர்வு கமராவின் நடுக்கம் தவிர்க்கும் பொறிமுறையைக் கெடுக்கக்கூடும் என்று அப்பிள் நிறுவனமே 2021 இல் தன் பாவனையாளரை எச்சரித்தது. தவிர்ப்பது நல்லது.

கடற்கரையில் பயன்படுத்திய முக்காலியின் கால்களை அன்றே நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். உப்பு உலோகத்தை அரிக்கும். மூட்டுக்களில் மணல் புகுந்தால் அவை தேய்ந்து தளர்ந்துவிடும். மூட்டுக்களுக்கு எண்ணெய் இடவே கூடாது. உராய்வுதான் அவற்றின் உயிர். எண்ணெய் அதைப் போக்கிவிடும். வேலை முடிந்ததும் கால்களை நேராக்கி வையுங்கள்.

எதை வாங்குவது?

ஒரு கிராமச் சங்கம் பொதுவாக ஒரு தொகுதியை வாங்குவதாயின் நாம் சிபாரிசு செய்வது நான்கு பொருட்களை. 3 கிலோ தாங்கும் வளையும் கால் முக்காலி ஒன்று. மேசை விளிம்பைப் பற்றும் கவ்வி ஒன்று. திருகி இறுக்கும் தொலைபேசிப் பிடி ஒன்று. வீட்டில் தைத்த தானியப் பை ஒன்று. இவை நான்கும் ஒரு சிறு பைக்குள் அடங்கும். பஸ்ஸில் கொண்டு போகலாம். மூன்று மலிவான முக்காலிகளை அடுத்தடுத்து வாங்கி எறிவதை விட, ஒரு தரமானதைப் பலர் சேர்ந்து வாங்குவதே சிக்கனம். பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, எடுத்துச் செல்பவரின் பெயரையும் திரும்பிய திகதியையும் பதிந்து வந்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும்.

தனி ஒருவர் தொலைபேசிக்கு மட்டும் வாங்குவதாயின், 1 கிலோ தாங்கும் வளையும் கால் முக்காலியும் நல்ல பிடியும் போதும். எஞ்சிய பணத்தில் ஒரு சிறு ஒலிவாங்கி வாங்கலாம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இவ்விடயத்தைப் பேசிப் பாருங்கள். ஊரில் யாருடைய உறுதி பூச்சி அரித்துப் போகிறது, எந்தக் கட்டு இம்மாரியைத் தாங்குமா என்ற ஐயம் உள்ளது, எந்த முதியவரின் சொல்லை இன்னும் எவரும் பதியவில்லை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பட்டியலில் முதலாவதாக உள்ள வேலைக்கு எந்தத் தாங்கி பொருந்துமோ அதை முதலில் வாங்குங்கள்.